அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு ரவுண்டு

ஆடி மாதத்தில் பைக் ஷோரூம் காற்று வாங்கும். ஆடித் தள்ளுபடி என்று வாசலில் பேனர் கட்டினாலும், களமருதூர் பக்கத்து ஆட்கள் ஆடியில் புது வண்டி எடுக்க மாட்டார்கள். ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். எடுக்க வேண்டாம், ஓட்டிப் பார்க்கலாமே. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போய் "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்" என்றால், பத்துப் பேருக்கு டெலிவரி கொடுத்துக்கொண்டிருக்கும் பையன் "எல்லாம் நல்ல வண்டிதாண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவான். ஆடியில் அதே பையன் சாவியைக் கையில் கொடுத்து டீயும் வாங்கித் தருவான்.

நம் பக்கம் டெஸ்ட் ரைடு என்றால் ஷோரூம் வாசலில் ஏறி, பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்புவது. மூன்று நிமிஷம். அதில் தெரிவது வண்டி ஓடுகிறது என்பது மட்டும்தான். அது ஓடாமலா விற்பார்கள்? இன்றைக்கு இந்தியாவில் விற்கும் வண்டிகளில் எஞ்சின் மோசம் என்று ஒதுக்கும்படி அதிகமில்லை. ஓட்டிப் பார்ப்பதே வேறொன்றுக்காக: இந்த வண்டி என் ரோட்டுக்கு, என் சுமைக்கு, என் வீட்டு ஆட்களுக்குச் சரிப்படுமா? அதைப் பக்கத்து வீட்டுக்காரரோ யூடியூப்காரரோ சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை

முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். உளுந்தூர்பேட்டைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ விழுப்புரத்துக்கோ அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் போன பிறகு "அந்த மாடல் டெஸ்ட் வண்டி இல்லைண்ணா, இதே மாதிரிதான் அதுவும் இருக்கும்" என்று கேட்பதில் பயனில்லை. எந்த மாடல், அதில் எந்த ரகம், டிரம் பிரேக்கா டிஸ்க்கா என்று தெளிவாகக் கேளுங்கள். டெஸ்ட்டுக்கு நிற்பது பெரும்பாலும் விலை கூடிய ரகம். நாம் எடுப்பது அடிமட்ட ரகம். டிஸ்க் வண்டியை ஓட்டிவிட்டு டிரம் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால், ஓட்டிப் பார்த்ததில் பாதி வீண். வீட்டுக்கே வண்டியைக் கொண்டுவந்து காட்டும் ஷோரூம்களும் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள், அவர்களுக்கும் விற்றாக வேண்டும்.

லைசென்ஸும் சொந்த ஹெல்மெட்டும் கையோடு இருக்கட்டும். ஷோரூமில் தொங்கும் ஹெல்மெட் ஊர்த் தலையெல்லாம் பார்த்தது. உங்கள் தலைக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. கிளம்புமுன் டெஸ்ட் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வண்டி பதிவானதாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் டீலரின் டிரேடு சர்டிபிகேட் எண், சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாக இருக்க வேண்டும். வாங்க வருபவர் ஓட்டிப் பார்ப்பதற்கு அந்தச் சர்டிபிகேட்டில் வண்டியை வெளியே எடுக்கலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. பிளேட்டே இல்லாத வண்டியைக் கொடுத்தால் ஏறாதீர்கள். செக்போஸ்ட்டில் நிற்கப்போவது நீங்கள், சேல்ஸ்மேன் இல்லை.

பின்னால் உட்காரப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. வண்டி வாங்க ஆண்கள் நாலு பேர் போவார்கள். பதினைந்து வருஷம் பின்சீட்டில் உட்காரப்போகும் வீட்டம்மாவோ அம்மாவோ டெலிவரி அன்று, மாலை போட்ட பிறகுதான் வண்டியையே பார்ப்பார்கள். புடவை கட்டி ஒருக்களித்து உட்காரும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஏறுவதற்கு உங்கள் தோளைப் பிடித்து எம்ப வேண்டியிருக்கிறதா? இரண்டாகப் பிரிந்த சீட்டு வைத்த வண்டிகளில் பின்பக்கம் ஒரு படி மேலே நிற்கும்; முழங்கால் வலி உள்ள அம்மா அதில் ஏற மாட்டார். கால் வைக்க இடது பக்கம் தட்டு இருக்கிறதா, அது செருப்பு முழுதும் ஊன்றுகிற அகலத்தில் இருக்கிறதா? கைப்பிடி எட்டுகிறதா? முந்தானை சக்கரத்தில் சிக்காமல் சாரி கார்டு எவ்வளவு மறைக்கிறது? பின்சீட்டுக்குக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் இருந்தாக வேண்டும் என்பது விதி எண் 123. அழகு கெடுகிறது என்று டெஸ்ட் வண்டியில் சாரி கார்டைக் கழற்றி வைத்திருந்தால், "இது வரும்போது போட்டுத் தருவோம்" என்பார்கள். போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அவரை ஏற்றிக்கொண்டே ஓட்டுங்கள். ஒருக்களித்து உட்கார்ந்தவரின் எடை இடது பக்கம் சாயும். மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் இடது பக்கம் இழுப்பது கையில் தெரியும். தனியாக ஓட்டும்போது இறகு மாதிரி இருந்த வண்டி, யூ-டர்ன் அடிக்கும்போது தடுமாறுகிறதா, உங்கள் இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்றுகிறதா என்று அப்போதுதான் தெரியும். இறங்கியதும் பின்னால் உட்கார்ந்தவர் சொல்வதை முதலில் கேளுங்கள். நான் சொல்வேன், வாங்கலாமா வேண்டாமா என்பதில் அவருக்குத்தான் இரண்டு ஓட்டு.

ஷோரூம் காட்டும் ரோட்டை விட்டு உங்கள் ரோட்டைத் தேடுங்கள். சர்வீஸ் ரோட்டில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் போகும். நம் ரோட்டில் வேகத்தடை ஊருக்கு நாலு, அதில் பாதிக்குப் பெயிண்டே கிடையாது. அறுவடைக் காலத்தில் மக்காச்சோளமும் உளுந்தும் பாதி ரோட்டில் காயும். அதன்மேல் டயர் ஏறினால் வழுக்கும். களத்துக்கும் கொல்லைக்கும் போகிற வண்டிப்பாதை வேறு. அதனால் ஒரு தெரு, ஒரு மண்பாதை, இரண்டு வேகத்தடை, ஒரு குறுகின திருப்பம் இவ்வளவும் வருகிற மாதிரி ஒரு சுற்று கேளுங்கள். பதினைந்து நிமிஷமாவது வேண்டும். வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்று இரண்டு பேர் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டும் சைலென்சரும் தரையில் உரசும் சத்தம் கேட்டால் அந்த வண்டி நகரத்துப் பிள்ளைகளுக்கு.

சுமையையும் யோசியுங்கள். வீட்டு கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ. பால் கேன், உர மூட்டை, மாட்டுக்குப் புல்லுக்கட்டு என்று ஏற்றிப் பழகினவர்கள் பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸ்எல்காரர்கள். 1980-இல் ஓசூரிலிருந்து அதன் மூத்த அண்ணன் டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்து விவசாயத்தின் பாதி அதன்மேல்தான் போயிருக்கிறது. முன்னால் கால் வைக்கிற இடத்தில் மூட்டை நிற்கும், கியர் கிடையாது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஏறலாம். அதை விட்டுவிட்டு மகன் சொல்கிறான் என்று கியர் வண்டிக்குப் போகிறவர்கள், மூட்டையை எங்கே வைப்போம் என்று டெஸ்ட் ரைடு அன்றே பார்த்துவிடுங்கள். காலிச் சாக்கு ஒன்றை எடுத்துப்போய்ச் சீட்டின் மேல் விரித்துப் பார்த்தாலும் தப்பில்லை. சிரித்தால் சிரிக்கட்டும். பல வீடுகளுக்கு எக்ஸ்எல்தான் இன்னும் சரியான வண்டி என்பது என் கட்சி. கௌரவம் பார்த்து மாற்றிவிட்டு மாட்டுத்தீவனம் ஏற்ற பக்கத்து வீட்டு எக்ஸ்எல்லைக் கேட்டு நிற்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

ஏறுவதற்கு முன் கியர் எப்படி விழுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேல்ஸ்மேன் சொல்ல மறப்பது இதைத்தான். ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்பக்கம் மிதித்தால் விழும். பல்சர், அப்பாச்சி மாதிரி வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே. பத்து வருஷம் ஸ்ப்ளெண்டர் ஓட்டின கால் மூன்றாவதில் போகும்போது அடுத்த கியர் என்று நினைத்து மிதிக்கும். வண்டி இரண்டாவதுக்கு இறங்கும், எஞ்சின் அலறும், பின் சக்கரம் வெடுக்கென்று பிடித்து இழுக்கும். பழைய புல்லட்டில் பழகிய பெரியவர்களுக்கு இதைவிடக் குழப்பம். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வருகிற புல்லட்டில் எல்லாம் மாறிவிட்டது. வண்டியை நிறுத்தி வைத்தே கிளட்சைப் பிடித்து நாலைந்து தடவை கியரை ஏற்றி இறக்கி, காலுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிரேக்கை வேண்டுமென்றே அழுத்திப் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் புது வண்டிகளில் 125 சிசி-க்கு மேல் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக், கட்டாயம். 125 வரைக்கும் குறைந்தது சிபிஎஸ். சிபிஎஸ் வண்டியில் பின் பிரேக்கை மிதித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிற நம் ஆட்களுக்கு இது நல்லது. ஆனால் கால் பழகியிருக்கும் அழுத்தம் இதற்குச் சரியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏபிஎஸ் வண்டியில் அது முன் சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டுக்குமா என்று கேளுங்கள். ஆள் இல்லாத ரோட்டில் 30-இல் போய், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு பிடியுங்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் விரலில் படபடவென்று அடிக்கும். அது கோளாறு இல்லை. முதல் தடவை அதை மழை நாளில் லாரிக்கு முன்னால் உணருவதைவிட இங்கே உணர்ந்துவிடுவது மேல்.

முடிந்தால் பொழுது சாய்ந்த பிறகு போங்கள். 2017 ஏப்ரலிலிருந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினாலே ஹெட்லைட் எரிகிறது, அணைக்க சுவிட்ச் கிடையாது. எரிகிறது என்பது பகலில் தெரியும்; எவ்வளவு தூரம் அடிக்கிறது என்பது இருட்டில்தான் தெரியும். ஷோரூம் இருக்கிற பஜாரில் தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லா ஹெட்லைட்டும் ஒன்றுதான். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற ரோட்டில், பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் கரும்பு டிராக்டர் ஒன்று ஊர்ந்து போகும். ஆலைக்கு அரைவை நடக்கும் மாதங்களில் இது தினசரிக் காட்சி. அந்த டிரெய்லரின் முதுகு உங்களுக்கு எத்தனை கெஜத்தில் தெரிகிறது என்பதுதான் ஹெட்லைட்டுக்குப் பரீட்சை. டிம் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மட்டும் விழுகிறதா, ரோட்டோரம் தெரிகிறதா, எதிரே வருகிறவர் கை காட்டித் திட்டுகிறாரா, எல்லாம் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். "ஆறரைக்கு வரலாமாப்பா?" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

கல்வராயன் மலைக்காரர்களும், வாரம் ஒரு தடவை மலைக்கு ஏறுகிறவர்களும் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் ஏறுகிற ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் யோக்கியதை தெரிந்துவிடும். டெஸ்ட் வண்டியை அவ்வளவு தூரம் தர மாட்டார்கள். அதனால் கணக்கு போடுங்கள். ஸ்ப்ளெண்டர் ஏறக்குறைய 112 கிலோ, 8 குதிரைத்திறன். 65 கிலோவில் இரண்டு பேர் ஏறினால் ஒவ்வொரு குதிரையும் 30 கிலோவை இழுக்க வேண்டும். கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ, 20 குதிரைத்திறன். அதே இரண்டு பேரோடு ஒரு குதிரைக்கு 16 கிலோதான். ஸ்ப்ளெண்டர் மலை ஏறாது என்று இல்லை, தினமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும். தினம் ஏறுகிறவருக்கு அது சலிப்பு, மாதம் ஒரு முறை ஏறுகிறவருக்குப் பொருட்டில்லை. பக்கத்தில் ரயில்வே மேம்பாலம் இருந்தால் அதில் இரண்டு பேரோடு பாதி ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். வண்டி பின்னால் உருளாமல் கிளட்ச் பிடித்துத் தூக்குகிறதா என்று தெரியும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினே எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்றும் பாருங்கள். ஸ்கூட்டர்களில் இது குறைவு. மலை இறங்கும்போது முழுப் பாரமும் பிரேக்கில் விழும்.

கனமான வண்டி மேல் ஆசை இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள். முன்னால் தள்ளுவது சுலபம். சரிவில் நிற்கும் 195 கிலோவைப் பின்னால் இழுத்து, சென்டர் ஸ்டாண்ட் போடச் சொன்னால் ஆசை பாதியாகக் குறையும். ராத்திரி வண்டியை வாசல்படி ஏற்றி உள்ளே விடுகிற வீடாக இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

கிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் எடுத்துவிட்டார்கள். கொல்லையில் பேட்டரி இறங்கிப்போனால் தள்ளிவிட ஆள் தேட வேண்டியிருக்கும்.

செய்யக்கூடாதவை

ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "ஐயாயிரம் போட்டுடுங்கண்ணா, கலர் போயிடும், வண்டி ஓட்டிக்கலாம்" என்பது எல்லா ஷோரூமிலும் பாடும் பாட்டு. பணம் கை மாறின பிறகு நீங்கள் ஓட்டிப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம். பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வராது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பிடிக்காவிட்டால் முழுதும் திருப்பித் தரப்படும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். லோன் பாஸ் ஆகிவிட்டது என்று அவசரப்படுத்துவதும் இதே ரகம்தான். லோன் நாளைக்கும் பாஸ் ஆகும்.

நீட்டின பேப்பரில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டெஸ்ட் ரைடு படிவத்தில் வண்டிக்குச் சேதம் வந்தால் ஓட்டியவர் பொறுப்பு என்ற மாதிரி ஒரு வரி இருக்கலாம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, கீழே விழுந்தால் யார் செலவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கிற கீறல்களைப் போனில் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

லைசென்ஸ் இல்லாத பையனை ஓட்ட விடாதீர்கள். "வண்டி அவனுக்குத்தானே, அவனே ஓட்டிப் பாக்கட்டும்" என்று பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் அப்பாக்களை எந்த ஷோரூமிலும் பார்க்கலாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். பதினெட்டு வயது நிரம்பாதவன் ஓட்டிப் பிடிபட்டால், பெற்றவருக்கும் வண்டி உரிமையாளருக்கும் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அவன் பஸ்ஸில்தான் போவான்.

நெடுஞ்சாலையில் ஏறி "எவ்வளவு போகுது பார்ப்போம்" என்று முறுக்காதீர்கள். சென்னை–திருச்சி சாலையும் சேலம் சாலையும் சேர்கிற உளுந்தூர்பேட்டை மாதிரி இடத்தில், பழகாத வண்டியில், பழகாத பிரேக்கில் இது தேவையில்லாத வேலை. 90-இல் வண்டி எப்படி என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை; நம் ஓட்டமெல்லாம் 40-இலும் 50-இலும்தான். டாப் கியரில் 35-இல் போய் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் முணங்காமல் எடுக்கிறதா என்று பாருங்கள், அது போதும். யூ-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் சர்வீஸ் ரோட்டில் வருவதும் கூடாது, கூட வருகிற சேல்ஸ்மேனே காட்டினாலும்.

மைலேஜை டெஸ்ட் வண்டியில் தேடாதீர்கள். மீட்டரில் காட்டுகிற எண் பல பேர் பல விதமாக முறுக்கியதன் சராசரி. அதே மாடலை ஒரு வருஷமாக ஓட்டும் ஊர்க்காரரைக் கேளுங்கள். அவரும் ஐந்து கிலோமீட்டர் கூட்டித்தான் சொல்வார், கழித்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் வண்டியின் கிளட்ச் இறுகியிருக்கிறது, கியர் முரடாக விழுகிறது என்று உடனே மாடலையே ஒதுக்காதீர்கள். ஊரே ஓட்டின வண்டி அது. மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்கள், வேறு கடையில் அதே மாடலை இன்னொரு தடவை ஓட்டுங்கள். மாறாக, சீட்டு உயரம், ஹேண்டில் தூரம், முதுகு வளையும் விதம் இவை எந்தக் கடையிலும் மாறாது. பதினைந்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலித்தால் பதினைந்து வருஷமும் வலிக்கும். "பழகிடும்ணா" என்பதை நம்பாதீர்கள்.

கரண்ட் ஸ்கூட்டரை பெட்ரோல் வண்டி மாதிரி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் தயாராவதால் இப்போது கிராமம் வரைக்கும் வந்துவிட்டன. எடுத்த எடுப்பில் பாயும். அதில் மயங்காமல், கிளம்பும்போது சார்ஜ் எத்தனை சதவீதம், இரண்டு பேரோடு பத்து கிலோமீட்டர் சுற்றி வந்ததும் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். சத்தம் இல்லாததால் ஆடும் கோழியும் ஒதுங்காது. அதையும் தெருவில் ஒரு தடவை ஓட்டினால்தான் புரியும்.

கடைசியாக, ஓட்டிப் பார்த்த வண்டியும் டெலிவரி ஆகும் வண்டியும் ஒன்று என்று நினைக்காதீர்கள். டெலிவரி நாளில் நல்ல நேரம் முடிகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்துவார்கள். அந்த நெருக்கடியில்தான் கீறலும் தளர்ந்த கண்ணாடியும் கண்ணில் படாமல் போகும். அரை மணி முன்னதாகப் போய் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பில்லோடு ஒத்துப்போகிறதா, எந்த மாதத்துத் தயாரிப்பு என்று பாருங்கள். ஷோரூம் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் ஒன்றை வண்டியோடு சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி. அதைத் தனியாக பில்லில் ஏற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இதெல்லாம் சரி என்று உங்களுக்குப் பட்ட பிறகு மீதிப் பணத்தைக் கட்டி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வையுங்கள்.